மூட்டு மாற்றி இரண்டு மாதம் ஆகப்போகிறது, முழங்கால் இன்னும் மடங்க மறுக்கிறது

மெல்லநடை:

வணக்கம். எனக்கு வயது 63. வலது முழங்காலில் முழு மூட்டு மாற்று அறுவை சிகிச்சை செய்துகொண்டு இரண்டு மாதம் ஆகப்போகிறது. சென்ற வாரம் பரிசோதனைக்குப் போனபோது மருத்துவர் எக்ஸ்-ரேயைப் பார்த்துவிட்டு, மிக நன்றாகப் பொருந்தியிருக்கிறது என்றார். படத்தில் எல்லாம் நேராகவும் ஒழுங்காகவும்தான் இருந்தன. ஆனால் அந்த அறையை விட்டு வெளியே வந்து தாழ்வாரத்தைக் கடப்பதற்குள் சுவரைப் பிடித்துப் பிடித்து நிற்க வேண்டியிருந்தது.

மடக்குவது 85 டிகிரியில் நின்றுவிட்டது. நகரவே மாட்டேன் என்கிறது. முழுதாக நீட்டவும் முடியவில்லை. மெத்தையில் படுத்தால் முழங்காலுக்கு அடியில் கை நுழையும் அளவுக்கு இடைவெளி இருக்கிறது. காலையில் ஓரளவு பரவாயில்லை. மாலையானால் வீங்கி, தோல் பளபளவென்று மாறி, மூட்டைச் சுற்றி இரும்புப் பட்டை போட்டு முடுக்கியது போல ஆகிவிடுகிறது. தொட்டால் சூடாகவும் இருக்கிறது. தழும்புக்கு வெளிப்பக்கம் தோல் மரத்துக் கிடக்கிறது. நடக்கும்போது உள்ளே 'டக் டக்' என்ற சத்தம் வேறு.

இரவுதான் பெரும் வேதனை. எந்தப் பக்கம் படுத்தாலும் சிறிது நேரத்தில் கால் எழுப்பிவிடும். வீடு முழுக்க உறங்கும்போது நான் மட்டும் கூடத்தில் உட்கார்ந்திருப்பேன். அப்போது வரும் எண்ணம் ஒன்றுதான்: எதற்காக இதைச் செய்துகொண்டேன்? முன்பு வலித்தாலும் அந்தக் கால் என் சொல்லைக் கேட்டது.

உறவினர் ஒருவர் ஆறே வாரத்தில் தடியில்லாமல் நடந்தாராம். பார்க்க வருகிறவர்கள் எல்லோரும் அவர் கதையைச் சொல்லிவிட்டுத்தான் கிளம்புகிறார்கள். இதைக் கடந்து வந்தவர்கள் சொல்லுங்கள். இது இயல்புதானா? எப்போது தணியும்? அதுவரை மனத்தை எப்படிப் பிடித்து நிறுத்துவது?

பவளமல்லி:

சகோதரி, இடது முழங்காலில் இதே அறுவை சிகிச்சை செய்துகொண்டு சில ஆண்டுகள் ஆகின்றன. நீங்கள் எழுதியிருப்பதில் மடக்கக் கணக்கைத் தவிர மற்ற எல்லாம் எனக்கும் இருந்தன. மாலை வீக்கம், சூடு, மரப்பு, சத்தம், நடு இரவில் வரும் அந்த வருத்தம், எதுவும் பாக்கியில்லை.

முதலில் எக்ஸ்-ரே பற்றி. அதில் தெரிவது எலும்பும் உலோகமும். உலோகம் சரியான கோணத்தில் உட்கார்ந்திருக்கிறதா, எலும்போடு பற்றியிருக்கிறதா என்பதை மருத்துவர் பார்க்கிறார். அது நல்ல செய்திதான், சந்தேகமே இல்லை. ஆனால் உங்களுக்கு வலிப்பது எக்ஸ்-ரேயில் தெரியாத பகுதியில்: வெட்டித் தைக்கப்பட்ட தசை, கிழித்து விலக்கப்பட்ட மூட்டு உறை, அடிபட்ட நரம்பு. தொடை எலும்பின் அடிநுனியையும் கால் எலும்பின் தலையையும் சீவி எடுத்து, அங்கே உலோகமும் நடுவில் கெட்டியான பிளாஸ்டிக்கும் வைக்கிறார்கள். இவ்வளவு பெரிய காயம் வெளியே ஒரு கோடாக மட்டும் தெரிவதால், தையல் பிரித்த இரண்டாம் வாரத்திலேயே எல்லாம் ஆறிவிட்டது என்று பார்ப்பவர்கள் நினைக்கிறார்கள். நாமும் நினைத்துவிடுகிறோம்.

வீக்கம் மூன்று முதல் ஆறு மாதம் வரை நீடிக்கலாம், சிலருக்கு ஓர் ஆண்டு வரையிலும் மிச்சம் இருக்கும். சூடும் அப்படித்தான், பல மாதங்களில் மெல்ல மெல்லக் குறையும். சத்தம் உலோகமும் பிளாஸ்டிக்கும் தொட்டுக்கொள்வது. வலி இல்லாத சத்தமாக இருந்தால் அதைப் பொருட்படுத்த வேண்டாம். மரத்த இடம், தழும்பைக் குறுக்கே கடக்கும் சிறு தோல் நரம்பு வெட்டுப்பட்டதால் வந்தது. அந்தப் பரப்பு காலப்போக்கில் சுருங்கும், கொஞ்சம் நிரந்தரமாகவும் தங்கிவிடலாம். எனக்கு உள்ளங்கை அளவு இருந்தது, இப்போது நாணயம் அளவுக்கு வந்திருக்கிறது.

அந்த உறவினரை விட்டுத்தள்ளுங்கள். அவருடைய மூட்டு அறுவைக்கு முன் எவ்வளவு மடங்கியது, தசை எவ்வளவு இருந்தது என்று உங்களுக்குத் தெரியுமா? அறுவைக்கு முன் இருந்த மடக்கம்தான் பின்னால் கிடைக்கப்போகும் மடக்கத்தைப் பெருமளவு தீர்மானிக்கிறது. பல ஆண்டுகள் விறைத்துக் கிடந்த முழங்காலும் போன ஆண்டுதான் வலிக்கத் தொடங்கிய முழங்காலும் ஒரே நாளில் ஓடத் தொடங்காது. எனக்கு ஆறாம் மாதத்தில்தான் முழங்காலை நினைக்காமல் ஒரு முழு முற்பகல் கழிந்தது. அதற்குப் பிறகும் ஓர் ஆண்டு வரை முன்னேறிக்கொண்டே இருந்தது.

தேக்குமரம்:

எல்லோரும் ஆறுதல் சொல்வீர்கள். நான் வேறு ஒன்றைச் சொல்கிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள் சகோதரி. 85 டிகிரியில் நிற்கிறது என்றால் பொறுமை மட்டும் போதாது. மூட்டுக்குள் தழும்புத் திசு நாளுக்கு நாள் கெட்டியாகிக்கொண்டிருக்கிறது. முதல் மூன்று மாதம் போனால் போனதுதான். எனக்கு இரண்டு முழங்காலும் மாற்றியிருக்கிறது. இரண்டிலும் நான் அழுதுகொண்டேதான் மடக்கினேன். நாற்காலியில் உட்கார்ந்து, நல்ல காலை முன்னால் போட்டு, மாற்றிய காலைப் பின்னுக்குத் தள்ளி அப்படியே பிடித்திருப்பேன். வியர்த்துக் கொட்டும். விடமாட்டேன். இன்று இரண்டும் 120 டிகிரிக்கு மேல் மடங்குகின்றன. மாத்திரையைச் சாப்பிட்டுவிட்டு அரை மணி நேரம் கழித்து உட்காருங்கள். வலிக்கிறதே என்று நிறுத்தினால் அந்த மூட்டு உங்களுக்காகக் காத்திருக்காது.

நீள்பாதை:

பிசியோதெரபிஸ்டாக எலும்பு சிகிச்சைப் பிரிவில் நெடுங்காலமாக வேலை செய்கிறேன். தேக்குமரம் ஐயாவின் உறுதியை மதிக்கிறேன். காலக்கெடு ஒன்று இருக்கிறது என்று அவர் சொன்னதும் உண்மை. ஆனால் "விடமாட்டேன்" என்ற வழி எல்லா முழங்காலுக்கும் பொருந்தாது, மெல்லநடை அம்மாவின் முழங்காலுக்கு நிச்சயமாகப் பொருந்தாது என்று நினைக்கிறேன். காரணத்தைச் சொல்லிவிடுகிறேன்.

மூட்டுக்குள் நீர் கோத்திருக்கும்போது தொடையின் முன்பக்கத் தசைக்குப் போகும் கட்டளையை நரம்பு மண்டலமே மட்டுப்படுத்திவிடுகிறது. இது உங்கள் விருப்பத்தில் இல்லை. தசையை இறுக்கு என்று மூளை சொல்கிறது, தசை பாதிதான் கேட்கிறது. அறுவைக்குப் பிந்தைய முதல் மாதத்தில் இந்தத் தசை தன் வலிமையில் பாதிக்கும் மேல் இழந்துவிடுவது வழக்கம். எனவே வீங்கிய காலை மேலும் வருத்தினால் வீக்கம் கூடும், வீக்கம் கூடினால் தசை இன்னும் அணையும், தசை அணைந்தால் நடை கெடும், நடை கெட்டால் மாலையில் மறுபடி வீக்கம். அம்மா எழுதியிருப்பது இந்தச் சுழல்தான். காலையில் பரவாயில்லை, மாலையில் பட்டை போட்டு முடுக்கியது போல என்கிறார். பகலில் அந்தக் கால் தாங்கக்கூடியதை விட அதிகமாக வேலை செய்கிறது.

நான் நோயாளிகளிடம் சொல்லும் அளவுகோல் இது. பயிற்சியின்போது வலிக்கலாம், வலிக்காமல் மடங்காது. ஆனால் அந்த வலி பயிற்சி முடிந்த ஓரிரு மணி நேரத்தில் பழைய நிலைக்கு இறங்க வேண்டும். மறுநாள் காலையில் முழங்கால் முந்தைய நாளை விடப் பெரிதாக, இறுக்கமாக இருந்தால் நேற்றைய அளவு கூடுதல். குறைத்துக்கொள்ளுங்கள், நிறுத்திவிடாதீர்கள். ஒரே அமர்வில் ஒரு மணி நேரம் போராடுவதை விடப் பகல் முழுவதும் பரவலாகப் பத்துப் பத்து நிமிடம் செய்வது நல்லது. ஒவ்வொன்றுக்கும் பின்னால் படுத்து, காலை இதயத்தின் மட்டத்துக்கு மேலே உயர்த்தி வைத்து, துணி சுற்றிய ஐஸ் பையைப் பதினைந்து இருபது நிமிடம் வையுங்கள். மெத்தை நாற்காலியில் சாய்ந்துகொண்டு காலை ஒரு முக்காலியில் போட்டால் அது உயர்த்தியதாகாது. கால் இதயத்துக்குக் கீழேதான் இருக்கும்.

அடுத்தது, எல்லோரும் மடக்கத்தையே பேசுகிறோம். நான் அம்மாவைப் பார்த்தால் முதலில் நீட்டத்தைத்தான் கேட்பேன். முழுதாக நீளாத காலால் நிற்கும்போது தொடைத் தசைக்கு ஒரு கணமும் ஓய்வு கிடையாது. மாலை வலியில் பாதி அதிலிருந்து வரலாம். குதிகாலுக்கு அடியில் சுருட்டிய துண்டை வைத்து, முழங்காலுக்கு அடியில் எதுவும் இல்லாமல் விட்டு, காலின் எடையே மூட்டைக் கீழே அழுத்தும்படி சில நிமிடம் கிடங்கள். பிறகு முழங்காலின் பின்புறத்தை மெத்தையில் அழுத்துவதாக எண்ணித் தொடையை இறுக்குங்கள், ஐந்து எண்ணும்வரை. முழங்காலுக்கு அடியில் தலையணை வைத்துப் படுப்பது மிகவும் இதமாக இருக்கும். அந்த இதத்தை நம்பி இரவு முழுக்க அப்படியே கிடந்தால் மூட்டு அந்த மடக்கத்திலேயே விறைத்துவிடும்.

மடக்கம் எதற்கு எவ்வளவு வேண்டும் என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். சமதளத்தில் நடக்க 65, 70 டிகிரி போதும். படியேற ஏறத்தாழ 85, இறங்க 90 அல்லது சற்று அதிகம். நாற்காலியிலிருந்து கையை ஊன்றாமல் எழ 95, நாற்காலி தாழ்வாக இருந்தால் 105 வரை. ஆகவே 85-இல் நிற்கிற நீங்கள் வாசலிலேயே நிற்கவில்லை. இன்னும் 20 டிகிரி கிடைத்தால் அன்றாட வாழ்க்கையின் பெரும்பகுதி கைக்கு வந்துவிடும். உங்கள் பிசியோதெரபிஸ்ட் ஒவ்வொரு முறையும் கோணமானியால் அளந்து எழுதுகிறாரா? கண்ணால் பார்த்துச் சொன்னால் பத்து டிகிரி வரை பிசகும்.

தேக்குமரம்:

நீள்பாதை சொன்னது சரியான விளக்கம், ஏற்கிறேன். இருந்தாலும் என் பேச்சின் ஒரு பகுதியை விட்டுக்கொடுக்க மாட்டேன். "அளவோடு செய்யுங்கள்" என்று சொன்னால் பயந்தவர்கள் அதை "செய்ய வேண்டாம்" என்று கேட்டுக்கொள்கிறார்கள். என்னோடு அதே வார்டில் இருந்த ஒருவர் வீட்டுக்குப் போனதும் கட்டிலோடு இருந்துவிட்டார். வீட்டார் அன்பால் தண்ணீர்க் குவளையைக் கூடக் கையில் கொடுத்தார்கள். அவர் கால் இன்றுவரை 70-ஐத் தாண்டவில்லை. வலியை விட அசைய பயப்படுவதுதான் அவரை முடக்கியது. சகோதரிக்கு அந்தப் பயம் இல்லை என்றால் என் அறிவுரை அவருக்குத் தேவையில்லை. படிக்கிறவர்களில் யாருக்காவது இருந்தால் அவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

மெல்லநடை:

எல்லோருக்கும் நன்றி. படித்துக்கொண்டே அழுதுவிட்டேன், ஆனால் இது இரவில் வரும் அழுகை இல்லை.

தேக்குமரம் ஐயா, எனக்கு அசைவதில் பயம் இல்லை. நீள்பாதை சொன்ன அந்தச் சுழலில்தான் நான் இருக்கிறேன் என்று தோன்றுகிறது. மடங்கவில்லையே என்ற ஆத்திரத்தில் மாலையில் இன்னொரு சுற்று நடப்பேன், அன்றைய இரவு கண் மூட முடியாது.

இரண்டு கேள்விகள். முழங்காலை விடத் தொடை அதிகம் வலிக்கிறது, நடுத்தொடையில் கன்றிப்போனது போல. அங்கே கத்தியே படவில்லையே? இன்னொன்று, இரவுக்கு என்ன செய்தீர்கள்? வலிமருந்தைக் குறைக்கச் சொன்னதிலிருந்து இரவு இன்னும் மோசமாகிவிட்டது.

நீள்பாதை:

தொடை வலிக்குப் பெரும்பாலும் காரணம், அறுவையின்போது இரத்தம் பெருகாமல் இருக்கத் தொடையில் கட்டி இறுக்கும் காற்றுப்பட்டை. அதன் அழுத்தத்தால் தசை கன்றிப்போகும், வாரக்கணக்கில் வலிக்கும். இப்போதும் இருக்கிறதென்றால் தசை பலவீனத்தோடு வேலை செய்வதால் வரும் களைப்பு வலியும் சேர்ந்திருக்கலாம். அடுத்த சந்திப்பில் கேளுங்கள். இடுப்பு மூட்டிலிருந்து வரும் வலி தொடைக்கும் முழங்காலுக்கும் இறங்குவது உண்டு. அதையும் ஒரு முறை பார்த்துவிடச் சொல்லுங்கள்.

பவளமல்லி:

இரவைப் பற்றி நான் சொல்கிறேன், ஏனென்றால் மூன்று மாதம் வரை என் இரவுகள் உங்களுடையவை போலத்தான் இருந்தன.

வலிமருந்தைத் திடீரென்று விட்டால், குறிப்பாக ஓபியாய்டு எனப்படும் அபின் சார்ந்த வலுவான வகையை, உடம்பு பதறும், வியர்க்கும், உறக்கம் போகும், மனம் பாதாளத்தில் விழும். அதை முழங்கால் மோசமாகிவிட்டது என்று எடுத்துக்கொள்வோம். குறைப்பது நல்லதுதான், அதற்கு ஒரு படிவரிசை உண்டு. மருத்துவரிடம் அதை எழுதி வாங்குங்கள். பகல் மாத்திரைகளை முதலில் குறைத்துவிட்டு இரவு மாத்திரையைக் கடைசிவரை வைத்துக்கொள்ளலாமா என்று நான் கேட்டேன், சம்மதித்தார். அது ஒன்றே பெரிய மாற்றம் தந்தது. நீங்களாக எதையும் கூட்டவோ குறைக்கவோ வேண்டாம்.

படுக்கப் போகும் முன் ஐஸ் வைத்தேன். ஒருக்களித்துப் படுக்கும்போது மாற்றிய கால் மேலே இருக்கும்படி, இரண்டு கால்களுக்கும் நடுவில் தொடையிலிருந்து கணுக்கால் வரை நீளமான தலையணை. விழிப்பு வந்தால் புரண்டு கிடக்காமல் எழுந்து அறைக்குள் மெல்ல நடந்துவிட்டு, குதிகாலைப் பத்துமுறை சறுக்கி மடக்கிவிட்டுப் படுப்பேன். இதனால் உறக்கம் உடனே வந்துவிடும் என்று சொல்ல மாட்டேன். இரவோடு சண்டை போடுவது நின்றது. பகலில் கண் இழுத்தபோதெல்லாம் சிறிது நேரம் உறங்கினேன்.

களைப்பு அளவுக்கு மீறி இருந்தால் இரத்தப் பரிசோதனை செய்யச் சொல்லுங்கள். அறுவையில் இழந்த இரத்தத்தால் சோகை வந்து, அதை யாரும் கவனிக்காமலே மாதங்கள் ஓடிவிடுவதுண்டு. மனச்சோர்வும் அப்படித்தான். உறக்கமில்லாமல், வெளியே போகாமல், குளிக்கக்கூட ஒருவர் துணை தேவைப்பட்டால் யாருக்குத்தான் மனம் தளராது? ஆனால் எதிலும் விருப்பமில்லாமல் நாள்கள் தொடர்ந்து போனால், அதையும் காய்ச்சலைச் சொல்வது போலவே மருத்துவரிடம் சொல்ல வேண்டும். வெட்கப்பட ஒன்றுமில்லை.

தாழ்வாரம்:

நான் நோயாளி இல்லை, என் அம்மாவைப் பார்த்துக்கொண்டவன். மெல்லநடை அம்மா, உங்கள் வீட்டார் இதைப் படித்தால் நல்லது என்று எழுதுகிறேன்.

முதல் மாதம் எங்களுக்குச் சிரமமே தெரியவில்லை. மாத்திரை, ஐஸ், வாக்கர், குளியலறைக் கைப்பிடி என்று வேலை நிறைய இருந்தது, ஆளும் நிறைய வந்தார்கள். இரண்டாம் மாதம்தான் கடினம். ஆட்கள் நின்றுவிட்டார்கள், நாங்களும் அவரவர் வேலைக்குத் திரும்பினோம், அம்மாவுக்கு வலி மட்டும் அப்படியே இருந்தது. "இன்னுமா வலிக்கிறது?" என்று வீட்டுக்குள் யாரோ கேட்ட ஒரு மாலைக்குப் பிறகு அவர் வலியைச் சொல்வதையே நிறுத்திவிட்டார். கேட்டால் "பரவாயில்லை" என்பார். அந்தப் பரவாயில்லைக்குள் என்ன இருந்தது என்று எங்களுக்குப் புரிய நாளாகியது.

உதவியது எது என்றால், நாங்கள் முழங்காலைப் பற்றிக் கேட்பதைக் குறைத்ததுதான். காலையில் ஒரு முறை கேட்போம், முழுதாகக் கேட்போம், பிறகு மற்ற பேச்சு. அவர் ஒரு குறிப்பேடு வைத்துக்கொண்டார். கோணத்தை மட்டும் எழுதவில்லை. "இன்று நின்றுகொண்டே பல் துலக்கினேன்", "வாசல்வரை தடி மட்டும்" என்று செய்த காரியங்களை எழுதினார். நேற்றோடு ஒப்பிட்டால் ஒன்றும் தெரியாது. மாதத் தொடக்கத்தில் எழுதியதை மாத இறுதியில் அவரே வாசித்துப் பார்ப்பார். எந்த மருந்தும் செய்யாததை அந்தப் பக்கங்கள் செய்தன.

இன்னொரு சிறிய விஷயம். தடியை அவர் மாற்றிய கால் பக்கமே பிடித்திருந்தார். எதிர்ப்பக்கக் கையில் பிடிக்க வேண்டும் என்று பிசியோதெரபிஸ்ட் காட்டிய அன்றே நடை மாறியது. படியில் ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது மாற்றிய கால் முதலில். இதைத் தாளில் எழுதிப் படிக்கட்டின் அருகில் ஒட்டி வைத்திருந்தோம்.

முதுவேனில்:

இங்கே எல்லாம் நல்லபடியாக முடிந்த கதைகளாக இருக்கின்றன. முடியாத கதையும் ஒன்று இருக்க வேண்டும். பயமுறுத்த எழுதவில்லை, என்னைப் போன்ற ஒருவர் இதைப் படித்து "நான் மட்டும்தானா?" என்று நினைக்கக்கூடாது என்பதற்காக.

மூட்டு மாற்றியவர்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவர் முடிவில் முழுத் திருப்தி அடைவதில்லை. நான் அந்த ஒருவர். ஓர் ஆண்டு முடிந்தும் எனக்கு வலி போகவில்லை. போகுமிடமெல்லாம் ஒரே சொல்: பொறுமையாக இருங்கள். ஆறாம் மாதத்தில் அது ஆறுதல். பதினான்காம் மாதத்திலும் அதையே சொன்னால் அது கதவைச் சாத்துவது. எக்ஸ்-ரே நன்றாக இருக்கிறது என்ற வாக்கியத்தை நான் வெறுக்கத் தொடங்கினேன். என் வலியை யாரும் மறுக்கவில்லை, ஆனால் எவரும் அதைத் தேடவும் இல்லை.

பிறகு வேறொரு மருத்துவரிடம் போனேன். அவர் முதல் நாள் என் முழங்காலைத் தொடுவதற்கு முன் எங்கே, எப்போது, எப்படி வலிக்கிறது என்று நெடுநேரம் கேட்டார். எடை வைக்கும்போது மட்டுமா, ஓய்விலும் வலிக்கிறதா? எரிகிறதா, குத்துகிறதா? படி இறங்கும்போது மூட்டு விலகுவது போல இருக்கிறதா? ஒவ்வொன்றுக்கும் ஒவ்வொரு பொருள் உண்டு என்று அப்போதுதான் தெரிந்தது. ஓய்விலும் இரவிலும் விடாத வலி என்றால் தொற்று இல்லை என்று முதலில் உறுதி செய்வார்கள்: இரத்தப் பரிசோதனை, தேவைப்பட்டால் மூட்டிலிருந்து நீர் எடுத்துச் சோதனை. எடை வைத்தால் மட்டும் வலி என்றால் செயற்கை மூட்டு தளர்ந்திருக்கிறதா என்று பார்ப்பார்கள். மூட்டு நிலையில்லாமல் ஆடினால் தசைநார்களின் சமநிலை. எரிச்சலும், துணி பட்டாலே துடிப்பதும் நரம்பு வலி. எனக்கு அதுதான். நரம்பு வலிக்கென்று தனியாக மருந்து இருக்கிறது, வழக்கமான வலிமாத்திரை அதற்கு அதிகம் உதவாது. என் வலி இப்போது பாதியாகக் குறைந்திருக்கிறது. மீதிப் பாதியோடு வாழ்கிறேன். நடக்கிறேன், வேலைக்குப் போகிறேன், மண்டியிட முடியாது, நீண்ட பயணத்துக்குப் பின் மறுநாள் படுத்துவிடுவேன்.

மெல்லநடை, உங்களுக்கு இரண்டு மாதம்தான் ஆகிறது. நீங்கள் சொல்பவை எல்லாம் இந்தக் கட்டத்தில் வருகிற தொல்லைகளாகத்தான் எனக்குத் தெரிகின்றன. என் கதை உங்கள் கதையாகும் என்று எண்ண வேண்டாம். ஆனால் உங்கள் வலியை எப்போதும் சரியான சொற்களில் சொல்லுங்கள். "வலிக்கிறது" என்று மட்டும் சொல்லிவிட்டு வராதீர்கள்.

நீள்பாதை:

முதுவேனில் எழுதியதற்கு நன்றி. மெதுவாக ஆறுவதும் தவறாகப் போவதும் வேறு வேறு. அதனால் இதையும் எழுதிவிடுகிறேன், எல்லோரும் மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

தழும்பிலிருந்து நீரோ சீழோ கசிந்தால், சிவப்பு நாளுக்கு நாள் பரவினால், காய்ச்சலும் குளிரும் வந்தால், நன்றாகிக்கொண்டிருந்த வலி திடீரென்று ஏறினால் அன்றே அறுவை செய்த இடத்துக்குச் சொல்லுங்கள். அடுத்த சந்திப்பு வரை காத்திருக்க வேண்டாம். வீட்டில் மிச்சமிருக்கும் ஆன்டிபயாடிக்கை எடுத்துப் போட்டுக்கொள்வது மிக ஆபத்து, சோதனையில் கிருமி பிடிபடாமல் போய்விடும். கெண்டைக்கால் ஒரு பக்கம் மட்டும் வீங்கி, அழுத்தினால் வலித்தால் இரத்தக் கட்டி இருக்கலாம், உடனே காட்ட வேண்டும். மூச்சுத் திணறலோ நெஞ்சு வலியோ வந்தால் நேராக அவசரப் பிரிவுக்குப் போய்விடுங்கள், அது நுரையீரலுக்குப் போன கட்டியாக இருக்கலாம். கால் நிறம் மாறி, சில்லிட்டு, தொட்டாலே தாங்க முடியாத எரிச்சல் என்றால் அதுவும் சீக்கிரம் காட்ட வேண்டியது. தொடக்கத்தில் பிடித்தால் சிகிச்சைக்கு நன்றாகக் கேட்கும்.

இவை எதுவும் இல்லாமல், வாரத்துக்கு வாரம் நத்தை வேகத்திலாவது நகர்ந்துகொண்டிருந்தால், அது மெதுவாக ஆறுவதுதான்.

மெல்லநடை:

மூன்று வாரம் கழித்து எழுதுகிறேன். நீள்பாதை சொன்னபடி பயிற்சியைச் சிறு சிறு பகுதிகளாக்கினேன். மாலை நடையை விட்டுவிட்டேன், அந்த நேரத்தில் காலை உயர்த்திப் படுக்கிறேன். முதல் வாரம் ஒன்றும் தெரியவில்லை, சோம்பலாக இருக்கிறோமோ என்ற குற்ற உணர்வுதான் மிஞ்சியது. இரண்டாம் வாரத்தில் மாலை வீக்கம் கண்ணுக்குத் தெரியக் குறைந்தது. முழங்காலுக்கு அடியில் இப்போது கை நுழைவதில்லை, விரல்தான் நுழைகிறது. தொடை இறுகுகிறது, கையை வைத்துப் பார்த்தால் தெரிகிறது. இரவில் தொடர்ச்சியாக மூன்று மணி நேரம் உறங்குகிறேன்.

மடக்கம் மட்டும் 88. கோணமானியால்தான் அளந்தார்கள். பிசியோதெரபிஸ்ட் எல்லை வரும்போது மரக்கட்டை மாதிரி முட்டி நிற்கிறது என்கிறார். மருத்துவர் நேற்று, மயக்க மருந்து கொடுத்து மூட்டை மடக்கிவிடலாம், செய்வதானால் இப்போதே செய்ய வேண்டும், தள்ளிப்போட்டால் பலன் குறையும் என்றார். மறுபடியும் அந்த அறைக்குள் போவதை நினைத்தாலே நடுங்குகிறது. இவ்வளவும் செய்தது வீண்தானா?

ஆறாம்படி:

இதுவரை படித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். எனக்கு அதைச் செய்தார்கள், அதனால் சொல்கிறேன். மறுபடி அறுப்பதில்லை. சிறிது நேர மயக்கம், மருத்துவர் கையாலேயே காலை மெதுவாக மடக்குகிறார், உள்ளே ஒட்டிக்கொண்டிருக்கும் தழும்புத் திசு விடுபடுகிறது. மேசைமீது என் கால் 115 வரை போனதாகச் சொன்னார்கள், புகைப்படமும் எடுத்துக் காட்டினார்கள். விழித்த பிறகு வலித்தது, முதல் அறுவையின் வலியோடு ஒப்பிட்டால் சிறியது. ஆபத்தே இல்லை என்று சொல்ல மாட்டேன். எலும்பு முறிவும் இரத்தக்கசிவும் அரிதாக வரலாம் என்று எனக்குப் படிவத்தில் எழுதிக் காட்டினார்கள். உங்கள் எலும்பின் உறுதி எப்படி என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

அடுத்த இரண்டு வாரம்தான் எல்லாம். மேசையில் கிடைத்த கோணம் நம்முடையது இல்லை, அதை மறுநாளே கையில் எடுக்காவிட்டால் மறுபடி ஒட்டிக்கொள்ளும். நான் தினமும் பிசியோதெரபிக்குப் போனேன். நிலையான சைக்கிளில் முதலில் முழுச் சுற்று வராது, முன்னும் பின்னுமாக ஆட்டிக்கொண்டிருந்தேன். ஒரு நாள் தானாகச் சுற்றிவிட்டது. கடைசியில் 108-இல் நின்றது. அது எனக்குப் போதும்.

தேக்குமரம்:

சகோதரி, வீண் இல்லை. மூன்று வாரத்துக்கு முன் வீங்கிய காலோடு, தசை இல்லாமல், உறக்கமில்லாமல் அங்கே போயிருந்தால் மறுநாள் உங்களால் ஒரு பயிற்சியும் செய்திருக்க முடியாது. இப்போது நீளுகிற கால் இருக்கிறது, இறுகுகிற தொடை இருக்கிறது. நான் உங்கள் இடத்தில் இருந்தால் செய்துகொள்வேன்.

முதுவேனில்:

நானும் அதையே சொல்வேன். ஒன்று மட்டும்: விறைப்புக்குத் தொற்று காரணம் இல்லை என்று இரத்தப் பரிசோதனையில் உறுதி செய்துகொண்டார்களா என்று முதலில் கேளுங்கள்.

மெல்லநடை:

கேட்டேன். பரிசோதனை செய்திருக்கிறார்கள், தொற்று இல்லை. எலும்பு உறுதி பற்றியும் கேட்டேன், கவலை வேண்டாம் என்றார். வருகிற வியாழக்கிழமை செய்வதாக முடிவாகியிருக்கிறது. மகளை இந்த இழை முழுவதையும் படிக்க வைத்தேன். தாழ்வாரம் எழுதியதைப் படித்துவிட்டு நெடுநேரம் பேசாமல் இருந்தாள். அடுத்த இரண்டு வாரம் பிசியோதெரபிக்கு அழைத்துப்போக அவளும் மருமகனும் நாள்களைப் பிரித்துக்கொண்டிருக்கிறார்கள்.

நீள்பாதை:

நல்லது அம்மா. புதன்கிழமைக்குள் மூன்று விஷயங்களை உறுதி செய்துகொள்ளுங்கள். முதல் பிசியோதெரபி அமர்வு வியாழன் மாலையிலேயே, முடியாவிட்டால் வெள்ளி காலையில் கட்டாயம் இருக்க வேண்டும். அந்த வாரத்துக்கான வலிமருந்தை முன்கூட்டியே எழுதி வாங்கிவிடுங்கள், வலி அடங்காமல் மடக்க முடியாது. மேசைமீது கிடைக்கும் கோணத்தைத் தாளில் எழுதித் தரச் சொல்லி உங்கள் பிசியோதெரபிஸ்டிடம் கொடுங்கள், அதுதான் அவருக்கு இலக்கு. நீட்டத்தை விட்டுவிடாதீர்கள், துண்டுச் சுருளும் கூடவே வரட்டும்.